வீட்டு நம்பர்

“கம்ப்யூட்டருக்கு எதுக்குத்தா சிம்மு? அது யாருக்குப் போன் போடப் போகுது?”

மாமா இப்படிக் கேட்டபோது நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கோம்பையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய முடிவும் அவர் காதுக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வரும். அப்பா திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்க்கிறவர். பந்தலுக்கு அடியில் நாளெல்லாம் அண்ணாந்து நின்று வெட்டிவிட்டு வருவார். அதிகம் பேசமாட்டார், போன் வைத்துக்கொள்ளவும் மாட்டார். அதனால் பேச்செல்லாம் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில்தான்.

“போன் போடுறதுக்கு இல்ல மாமா. நெட்டுக்கு.”

“நெட்டுதான் உங்க அம்மா போன்லயே இருக்கே.”

“அந்தப் போன் விடியக்காலமே ஜீப்புல ஏறிப் போயிடுது. அதோட சேந்து என் நெட்டும்ல மலையேறிப் போயிடுது.”

அம்மா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை.

ஆனால் நான் சொன்னது உண்மை. அம்மா குமுளிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாள். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து நிறையப் பெண்கள் அப்படிப் போகிறார்கள். இருட்டு பிரியும் முன் ஜீப் வரும். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் மின் நிலையத்தின் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி மலை ஏறத் தொடங்கும். ஜீப்காரர் கூப்பிடுவதற்கும், தோட்டத்துக் கங்காணி கூப்பிடுவதற்கும், மழையால் வேலை இல்லை என்று சொல்வதற்கும் அந்த ஒரு போன்தான். பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். சாயங்காலம் அவள் வந்து, கை கழுவி, கவரைப் பிரித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் இணையம் வரும்.

எனக்குத் தனியாகப் போன் வாங்கித் தரும் பேச்சு பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ஒவ்வொரு முறையும் மாமா அதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: “பொம்பளப் புள்ளைக்கா?” எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

வேலை கொச்சியில் இருக்கும் ஒரு கம்பெனியில் கிடைத்தது. அதாவது, கிடைக்கும்போல இருந்தது. வீட்டுச் சாமான் விற்கிற கம்பெனி. மிக்ஸி, வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் சந்தேகம் கேட்டால் கணினியில் தட்டச்சு செய்து பதில் சொல்ல வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்த ஆள் தேடினார்கள். லீவு நாட்களில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய் மலையாளம் பேசப் பழகியிருந்தேன். எழுத்துகளைக் குமுளி பஸ் போர்டுகளிலிருந்து கற்றுக்கொண்டேன். அம்மாவின் போனில் சாயங்கால நேரத்தில் நேர்முகத் தேர்வு நடந்தது. தேர்வானேன். ஆனால் முதல் ஒரு மாதம் பழகும் காலம். காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை வீட்டில் கணினியின் முன்னால் இருக்க வேண்டும், லைன் அறுபடக் கூடாது. அறுபட்டுக்கொண்டே இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

மாமா அதற்குள் ஜீப்காரரிடம் பேசி வைத்துவிட்டார். “இந்த வேலை சரிப்பட்டு வரலேன்னா புள்ள வீட்ல சும்மா இருக்கக் கூடாது. உன் வண்டில ஒரு எடம் போட்டு வையிப்பா,” என்று சொன்னாராம். அம்மாதான் வந்து சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏலக்காய்த் தோட்ட வேலையை நான் குறைத்து நினைத்ததில்லை. செடியின் தூரில் குனிந்து உட்கார்ந்து அம்மா பறித்த காய்தான் என் பஸ் பாஸும் புத்தகமும் ஆனது. ஆனால் அவள் அத்தனை வருடம் மலையேறியது என்னையும் அதே ஜீப்பில் ஏற்றிவிடுவதற்காக இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சிம் போடுகிற கணினி என்று ஒன்று உண்டென்று கல்லூரி லேபில் கேள்விப்பட்டிருந்தேன். போனும் வேண்டாம், வீட்டுக்கு லைன் இழுக்கவும் வேண்டாம். கணினிக்குள்ளேயே சிம் உட்கார்ந்துகொள்ளும், டவரை அதுவே பிடித்துக்கொள்ளும். எங்கள் வீதிக்கு அப்போது கேபிள்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. அம்மா இந்த விஷயத்தில் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். மாமாவிடம் அவள் வாதாடியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

“நீ போன்தான வேணாம்னு சொன்ன? இது போன் இல்லண்ணே. இம்மாம் பெரிய பலகைய யாராச்சும் காதுல வச்சுப் பேசுவாகளா?”

“சிம்மு இருக்குல்ல?”

“இருக்கட்டும். பேசத்தான் முடியாதுங்குறாளே.”

“பேச முடியாத சிம்மா? நல்லா ஏமாத்துறாய்ங்க,” என்றார் மாமா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

தேனியில் பழைய மடிக்கணினிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை ஒன்று. பெரிய ஊர் ஆபீஸ்களில் உழைத்து முடித்த கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். கடையை நடத்துவது ஓர் அக்கா. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றின் பின்பக்கத்தில் சிம் நுழைகிற வாயைக் கண்டுபிடித்துவிட்டேன். “இதேதான்க்கா, இதையே குடுங்க,” என்றேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

“இருங்கம்மா, இருங்க,” என்றார் அக்கா. “வாயி எல்லாத்துலயும்தான் இருக்கும். உள்ள கார்டு இருக்கான்னு பாக்கணும்ல?”

திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சிவப்பு ஒயரும் ஒரு நீல ஒயரும் நுனியில் டேப் சுற்றி மடங்கிக் கிடந்தன. திரையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் இறங்கி வருகிற ஆன்டெனா ஒயர்கள் அவை என்றார். அவற்றை மாட்ட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“பாத்தியா பாப்பா? கம்பெனிலயே வாயும் ஒயரும் வச்சு அனுப்பிருவாக. கார்டு கேட்டவகளுக்கு மட்டுந்தான். இத அப்படியே கொண்டு போயிருந்தா சிம்ம உள்ள தள்ளிட்டு நாள் பூரா கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்ப.”

அன்று அவர் அப்படியே விற்றிருக்கலாம். நாங்கள் மூடியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. வேலை தொடங்கும் நாளில் தெரிந்திருக்கும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவரோ இந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற கார்டை வெளியூரிலிருந்து வரவழைத்து, அடுத்த வாரம் எங்களை மறுபடி வரச்சொல்லி, என் கண் முன்னாலேயே மாட்டினார். சீட்டுக்கட்டுச் சீட்டில் பாதிகூட இருக்காது அந்தக் கார்டு. சிவப்பு ஒயரின் தலையை அழுத்தும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. நீலத்துக்கு இன்னொரு ‘டக்’. அம்மாவின் பெயரில் வாங்கியிருந்த புது சிம்மை உள்ளே தள்ளியதும் திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின.

“இது நெட்டுக்கு மட்டுந்தான். மெசேஜ் வரும். பேச்சு வராது, புரியுதா?” என்றார் அக்கா.

புரிகிறது என்றேன். அம்மாவும் தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது அந்த சிம்மின் நம்பரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நம்பர் ஒன்று காதில் விழுந்துவிட்டால் போகாது. எதற்கு மனப்பாடம் என்று நான் கேட்கவில்லை. ஆசையாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கிய காலையை எப்படிச் சொல்வது? அம்மா ஜீப் ஏறிப் போயாயிற்று, அப்பா தோட்டத்துக்குப் போயாயிற்று, வீட்டில் நான் மட்டும். போன் மலையில் இருக்கிறது. ஆனாலும் திரையின் மூலையில் கோடுகள் நிற்கின்றன. கதவைச் சாத்திவிட்டு அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இணையம் என்பது யாரோ வீடு திரும்பினால் வருவது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். இது யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

எங்கள் வீடு மலையடிவாரத்துக்குப் பக்கம். அந்தப் பெட்டி சில நாள் நம்முடைய டவரை விட்டுவிட்டு மலைக்கு மேலே இருக்கும் டவரைப் பிடிக்கும். ‘கேரளத்துக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வந்து விழும். முதல்முறை அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நான் குலுங்கிக் குலுங்கிக் கேரளா போயிட்டு வாரேன். நீ உக்காந்த எடத்துலயே போயிட்டியா?” என்றாள்.

என்னை மேற்பார்த்தது கொச்சியில் ஒரு சேச்சி. அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம், நான் பேசுகிற மலையாளத்தில் பாதி தமிழ். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். என் பதில்கள் அவருக்குப் பிடித்திருந்தன. பாலக்காட்டிலிருந்து ஒருவர் மிக்ஸி ஓடுகிறது, அரைக்கவில்லை என்று எழுதியபோது, ஜாருக்குள் தண்ணீர் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று நான் கேட்டேன். ஆட்டுக்கல்லில் ஊற்றுவதுபோல் ஊற்றியிருக்கிறார். சேச்சி அதை மற்றவர்களுக்கும் காட்டினாராம்.

ஆனால் லைன் அறுபட்டது.

முதல் நாளே அறுபட்டது. காலையில் வேலையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் மூலையில் கோடுகள் சட்டென்று விழுந்தன. எதிரில் யாரோ எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துகொள்ளும். அதற்குள் அந்த ஆள் கோபித்துக்கொண்டு போயிருப்பார். டீ நேரம் வாக்கில் இன்னொரு முறை, சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முறை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

டவர் மாறுவதால் என்று நினைத்து, நம் பக்க டவரை மட்டும் பிடி என்று செட்டிங்கில் கட்டிப்போட்டேன். அறுபட்டது. ஜன்னலோரம் வைத்தேன், அறுபட்டது. மாடிப்படியில் வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன், அங்கும் அறுபட்டது. மாமா ஒருநாள் வந்தவர் நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, உன் கம்ப்யூட்டரு வெளிக்காத்து வாங்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் சேச்சி கணினித் திரையில் கூப்பிட்டுப் பேசினார். “மோளே, உன் வேலை கொள்ளாம், நல்லாருக்கு. பக்‌ஷே லைன்… மேல உள்ளவங்க கேக்குறாங்க. இன்னும் ஒரு வாரம் நான் பறஞ்சு வாங்கியிருக்கேன். அது கழிஞ்சா என் கையில இல்ல.”

அவருக்கு என்னைத் தெரியாது. ஊர் தெரியாது, முகத்தையே திரையில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் எனக்காகப் போய் யாரிடமோ ஒரு வாரம் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வாரம் இல்லாவிட்டால் இதை எழுதும் இடத்தில் நான் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. பழகும் காலத்தில் இருப்பவர்களுக்கு ஞாயிறும் முறை உண்டு. பயந்துகொண்டே உட்கார்ந்தேன். காலை போனது, லைன் அறுபடாமல் நின்றது. டீ நேரம் போனது, நின்றது. சாப்பாட்டு நேரத்திலும் கோடுகள் அசையாமல் நின்றன. வேலை முடியும்வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஞாயிறன்று டவருக்கு வேலை குறைவுபோல என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறன்று ஜீப்பும் போகாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

“ஏத்தா, நான் போடுற மிஸ்டு காலு உனக்கு ஒழுங்கா வருதா?”

“எந்த மிஸ்டு கால்?”

“வீட்டு நம்பருக்குப் போடுறேன்ல. சில நேரம் மணி அடிக்குது. சில நேரம் எல்லைக்கு வெளிய இருக்காகன்னு அந்தப் பொம்பள சொல்லுறா. அதான் கேட்டேன்.”

“எது வீட்டு நம்பரு?”

அம்மா என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு, கணினிக்குள் இருக்கும் சிம்மின் நம்பரை ஒரு மூச்சில் சொன்னாள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைக்குப் போகிற பெண்கள் தோட்டத்தில் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். பேசமாட்டார்கள். மணி அடித்து அடங்கினால், ஜீப் ஏற்றம் ஏறி நல்லபடியாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ரோடு அப்படி. மழைக்காலத்தில் ஒரு பக்கம் மண் சரியும், ஒரு பக்கம் பனி இறங்கும். சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு மிஸ்டு கால். அப்போது உலை வைத்தால் சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் வேறு போன் இல்லாததால் அம்மா எதிர்வீட்டு அத்தைக்குக் கொடுப்பாள். அத்தை அங்கிருந்தே, “உங்க அம்மா சேந்துட்டாத்தா,” என்று குரல் கொடுப்பாள். அத்தை தன் மகனோடு திருப்பூருக்குப் போன பிறகு அந்தக் குரல் நின்றுபோனது. அம்மா வந்து வாசலில் நிற்கும்வரை வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

கணினிக்கு சிம் வந்ததும் அம்மாவுக்கு நெட் வந்ததைவிடப் பெரியதாகப் பட்டது வேறு: வீட்டுக்கு ஒரு நம்பர் வந்துவிட்டது. தோட்டத்தில் இறங்கியதும் ஒன்று, டீ குடிக்கும்போது ஒன்று, தூக்குவாளியைத் திறக்கும்போது ஒன்று. பழைய நாளைப்போல இரண்டு மட்டும் இல்லை. மகள் வேலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் கூடுதலாகவும் கொடுத்திருக்கிறாள்.

“இதுல பேச முடியாதுன்னு அந்தக் கடைக்கார அக்கா சொன்னாங்கள்ல?” என்றேன்.

“தெரியும்ல. நான் பேசவா செஞ்சேன்? மிஸ்டு காலுதான குடுத்தேன்!”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பேச முடியாது என்றால் பேசக்கூடாது. பேசாமல் இருப்பதற்குத்தானே மிஸ்டு கால்?

கணினியைத் திறந்தேன். “இப்ப ஒண்ணு குடும்மா,” என்றேன். அம்மா பால் கவரிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் கோடுகள் சரிந்தன. திரை உறைந்தது. அம்மா அழைப்பை நிறுத்தினாள். சற்றுப் பொறுத்துக் கோடுகள் எழுந்தன.

தேனி அக்காவுக்கு அம்மாவின் போனிலேயே கூப்பிட்டேன். முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சொன்னார்: “அந்தக் கார்டுக்குப் பேசத் தெரியாது பாப்பா. ஆனா கால் வந்துச்சுன்னா டவரு அதப் பிடிச்சுப் பேச்சுக்குன்னு இருக்குற பழைய லைனுக்கு இழுத்துட்டுப் போயிரும். அங்க போனா உன் நெட்டு அந்து போகும். மணி அடங்குனாத்தான் திரும்பி வரும். கால் எதுவும் வராம அடைச்சுரச் சொல்லலாம். கஸ்டமர் கேர்ல சொன்னா ஒரு நிமிசத்துல அடைச்சிருவாக.”

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா துணியை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நானாத்தா உன் வேலையக் கெடுத்தேன்?”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமா முன்னால் வாதாடி, தேனிக்கு இரண்டு தடவை வந்து, விடுப்பு எடுத்த நாட்களுக்கெல்லாம் கங்காணியிடம் பேச்சு வாங்கியவள் அவள். “ஒண்ணும் கெடலம்மா. இன்னும் ஒரு வாரம் இருக்கு,” என்றேன்.

“அடைக்கச் சொல்லிரு. நான் இனிமே போட மாட்டேன்.”

“அப்ப நீ சேந்தது எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்கே அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. அத்தை திருப்பூர் போன நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் எதற்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று.

கால் வந்தால்தான் லைன் அறுகிறது. மெசேஜ் வந்தால்? கேரளத்துக்கு நல்வரவு சொல்லும் மெசேஜ் எத்தனையோ முறை வந்திருக்கிறது, ஒரு முறையும் அறுபட்டதில்லை. அம்மாவின் போனை வாங்கி, மெசேஜ் அனுப்பும் இடத்தை முன்பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். எழுத வேண்டாம். படங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டு, அம்புக்குறியைத் தொட்டால் போய்விடும்.

“எந்தப் படம்?”

“உனக்குப் பிடிச்சது எதாச்சும்.”

அம்மா வெகுநேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எதையோ தொட்டாள், அனுப்பினாள். கணினியில் சிறியதாக ஒரு சன்னல் திறந்தது. உள்ளே ஒரு வெறும் கட்டம் மட்டும் இருந்தது. மூலையில் கோடுகள் அசையவில்லை. இன்னொன்று அனுப்பச் சொன்னேன். இன்னொரு கட்டம். கோடுகள் அசையவில்லை.

“ஏம்மா வெறும் பொட்டியா அனுப்புற?”

“பொட்டியா? நான் பச்ச இலைல்ல அனுப்புனேன். ஏலச்செடி மாதிரியே இருக்கு பாரு.”

கார்டோடு வந்த அந்த மெசேஜ் பெட்டிக்குப் படம் வாசிக்கத் தெரியவில்லை. அங்கே இலை, இங்கே கட்டம். எங்களுக்கு அதுவே போதும். கஸ்டமர் கேரில் சொல்லிக் கால்களை அடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எப்போதும்போல் ஜீப் வந்தது. நான் வேலையில் உட்கார்ந்தேன். அன்று மழை. கோம்பையில் தூறல் என்றால் மேலே கனமாக இருக்கும். திருச்சூரிலிருந்து ஒரு பெண்மணி வாஷிங் மெஷின் நடந்துபோகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். நான் மெஷினின் கால்களுக்குக் கீழே தரை சமமாக இருக்கிறதா என்று கேட்டபடி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கோடுகள் விழும் நேரம் வந்தது, தாண்டியது. லைன் அறுபடாமல் நின்றது. ஆனால் கட்டம் வரவில்லை. லைன் அறுபடாததற்கு நன்றி சொல்வதா, அம்மாவை நினைத்துப் பயப்படுவதா என்று தெரியாமல் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. அந்தப் பெண்மணி, நின்றுவிட்டது, இப்போது நடக்கவில்லை என்று எழுதியபோது, திரையின் ஓரத்தில் சன்னல் திறந்தது. வெறும் கட்டம். அதன் பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. மழையால் தாமதமாகச் சேர்ந்தவள் அதை ஈடுகட்ட இலையாக அனுப்பித் தள்ளியிருக்கிறாள்.

வாய்விட்டுச் சிரித்தேன். லைன் அறுபடவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் லைன் அறுபடாமல் நின்றது. சேச்சி கூப்பிட்டு, “எந்து செய்து மோளே?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “என் அம்மாவும் மிஸ்டு கால்தான்,” என்றார். மாதம் முடிந்ததும் வேலை உறுதியானது.

மாமாவிடம் அம்மாதான் போய்ச் சொன்னாள். அவர் வீட்டுக்கு வந்து, கணினியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரி. இது இன்னும் யாருக்கும் போன் போடலையே?” என்றார். நான் கொடுத்த டீயை மட்டும் முழுதாகக் குடித்தார்.

இப்போது என்னிடம் போனும் இருக்கிறது, என் பெயரிலேயே. மாமா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறார். அம்மா மட்டும் அந்தப் போனுக்கு இலை அனுப்ப மறுத்துவிட்டாள். வீட்டு நம்பர்தான் அவளுக்கு மனப்பாடம். இன்னொன்றை ஏற்றிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை. அதனால் கணினிக்குள் அந்த சிம் அப்படியே இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் கம்பெனியில் புதிய பிரிவு தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். கைக்கடிகாரம், வாசலில் மாட்டும் கேமரா, கிணற்று மோட்டாரை இயக்கும் பெட்டி என்று உள்ளேயே சிம் வைத்த சாமான்களை அவர்களும் விற்கப் போகிறார்களாம். வாங்குகிறவர்களுக்கு இரண்டு மொழியிலும் வழிகாட்ட ஆள் வேண்டும். யாருக்கு விருப்பம் என்று சேச்சி கேட்டபோது நான்தான் முதலில் எழுதினேன். தேர்வில் ஒருவர், வாடிக்கையாளரின் லைன் தினம் ஒரே நேரத்தில் அறுபடுகிறது, என்ன கேட்பாய் என்றார். அந்த நேரத்தில் உங்களை யார் நினைத்துக்கொள்வார்கள் என்று கேட்பேன் என்றேன். பயிற்சிக்குக் கொச்சிக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

“கொச்சிக்கா? தனியாவா? எப்படிப் போவா?” என்றார் மாமா.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஜீப்புல ஒரு எடம் கேட்டு வச்சியேண்ணே. அது சும்மாதான கிடக்கு. குமுளி வரைக்கும் அதுல வருவா. அங்கன இருந்து பஸ்ஸு.”

ஜீப்காரர் அந்த இடத்தில் எப்போதும் தக்காளிக் கூடை வைப்பாராம். இன்று காலை அதை எடுத்து மேலே கட்டிவிட்டு, “வாத்தா, உன் எடம்,” என்றார். அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மடியில் கணினிப் பை. லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது பள்ளத்தை ஒட்டிய ஒரு வளைவில் எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். குமுளி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு ஜீப் தோட்டத்துக்குப் போனது. அம்மா இறங்கவில்லை, நேரமாகிவிட்டது. “போய்ச் சேந்ததும் இலை அனுப்பு,” என்று மட்டும் கத்தினாள்.

கொச்சி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கணினியை மடியில் வைத்துத் திறந்தேன். ‘கேரளத்துக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வந்தது. அதன் கீழே ஒரு வெறும் கட்டம். அம்மா தோட்டத்தில் இறங்கிவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது.